இந்தியாவின் காலநிலைக் கொள்கையை எதைக்கொண்டு அளப்பது? மதுரையிலிருந்து ஓர் ஒப்பீடு

மதுரையில் எங்கள் வாசிப்பு வட்டம் ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறது. இந்தியாவின் காலநிலைக் கொள்கைகள் எந்தெந்தத் துறைகளைத் தொடுகின்றன, எவற்றைத் தொடாமல் விட்டிருக்கின்றன என்று பார்த்து, இங்குள்ள மக்கள் பிரதிநிதிகளிடம் ஓர் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். வட்டத்தில் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார். கல்லூரி ஆசிரியைகள் இருக்கிறார்கள். மேலூர் பக்கம் நெல் போடும் விவசாயி ஒருவரும், கப்பலூரில் சிறிய பட்டறை வைத்திருப்பவர் ஒருவரும் உண்டு. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த அளவுகோலை எடுப்பது? உலகில் ஏற்கெனவே பல அளவுகோல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அறிக்கையின் முடிவே தலைகீழாகிவிடும். அதனால் அவற்றை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து, எதை எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதுகிறேன்.

முடிவு எப்படித் தலைகீழாகும் என்பதற்கு ஓர் உதாரணம். ஜெர்மன்வாட்ச் அமைப்பும் கூட்டாளிகளும் வெளியிடும் காலநிலைச் செயல்திறன் குறியீட்டின் 2024 பதிப்பில் இந்தியாவுக்கு 7ஆம் இடம். 2025 பதிப்பில் 10ஆம் இடம். அதே காலத்தில், நாடுகளின் காலநிலை இலக்குகளை மதிப்பிடும் கிளைமேட் ஆக்ஷன் டிராக்கர் என்ற ஆய்வுத் திட்டம் இந்தியாவை ஒட்டுமொத்தமாக ‘மிகவும் போதாது’ என்ற வகுப்பில் வைத்திருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தயாரிக்கும் சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீடோ 2024இல் 180 நாடுகளில் 176ஆவது இடத்தைக் கொடுத்தது. மூன்றுமே பொய் இல்லை. மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. நம் கேள்வி எது என்று தெளிவாக வைத்துக்கொள்ளாவிட்டால், யாருக்கு எது வசதியோ அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வாதாடத்தான் இது உதவும்.

நம் கேள்வி இதுதான்: மின்சாரம், தொழில், கட்டடம், போக்குவரத்து, விவசாயம், கழிவு, காடு என்று புவியைச் சூடாக்கும் வாயு வெளியாகும் ஒவ்வொரு இடத்துக்கும் அரசிடம் ஏதாவது கொள்கை இருக்கிறதா? இருந்தால் அது எவ்வளவு தூரம் பாய்கிறது? எங்கே ஒன்றுமே இல்லை?

தரவரிசைப் பட்டியல்

முதலில் எல்லோருக்கும் கண்ணில் படுவது தரவரிசை. செய்தித்தாளில் தலைப்பாகும், பேசுவதற்கும் எளிது. மேலே சொன்ன காலநிலைச் செயல்திறன் குறியீடு 63 நாடுகளையும் ஐரோப்பிய ஒன்றியத்தையும் எடுத்துக்கொள்கிறது. மதிப்பெண்ணில் 40 சதவீதம் வாயு உமிழ்வுக்கு, 20 புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு, 20 ஆற்றல் பயன்பாட்டுக்கு. மீதமுள்ள 20 தான் கொள்கைக்கு. அந்த இருபதும் அந்தந்த நாட்டு வல்லுநர்களிடம் கேட்டு வாங்கும் கருத்து. முதல் மூன்று இடங்களுக்கு எந்த நாடும் தகுதி பெறவில்லை என்று அவற்றைக் காலியாகவே விடுகிறார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால் இந்தியா இதில் மேலே இருந்ததற்குப் பெரிய காரணம், நம் தலைக்கான உமிழ்வு குறைவு என்பது. அலங்காநல்லூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு குடும்பம் குறைவாக மின்சாரம் செலவழிப்பதை அரசின் கொள்கைச் சாதனையாக எழுதிக்கொள்ள முடியாது. அது பெரும்பாலும் வருமானம் குறைவாக இருப்பதன் விளைவு. 2026 பதிப்பில் இந்தியா ஒரேயடியாக 23ஆம் இடத்துக்கு இறங்கியது. நிலக்கரியை எப்போது விடுவது என்பதற்குக் கால அட்டவணை இல்லை, புதிய சுரங்கங்கள் தொடர்ந்து ஏலம் போகின்றன என்று காரணம் சொன்னார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டும் அவை உண்மையாகத்தான் இருந்தன. நாடாளுமன்ற உறுப்பினரிடம் போய் “நாம் 13 இடம் இறங்கிவிட்டோம்” என்று சொன்னால், “சரி, நான் என்ன செய்ய வேண்டும்?” என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குத் தரவரிசையில் பதில் இருக்காது.

இலக்குக்கு எவ்வளவு தூரம்?

இரண்டாவது வழி, கிளைமேட் ஆக்ஷன் டிராக்கர் செய்வது. வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த ஒரு நாடு எவ்வளவு குறைக்க வேண்டும், அதன் இலக்கு எங்கே நிற்கிறது, இப்போதுள்ள கொள்கைகள் எங்கே கொண்டுபோய் விடும், அந்த நாட்டின் நியாயமான பங்கு எவ்வளவு என்றெல்லாம் தனித்தனியாகக் கணக்கிட்டு ஐந்து வகுப்புகளில் ஒன்றில் வைக்கிறார்கள். அறிவியல் அடிப்படையில் பார்த்தால், இங்கே சொல்லும் வழிகளில் இதுதான் வலுவானது. நாடு சொல்வதற்கும் செய்வதற்கும் இடையிலான தூரத்தை இது மறைக்காமல் காட்டுகிறது.

இந்தியாவின் இலக்குகளை இந்தக் கண்ணாடியில் பார்ப்பது பயனுள்ளது. 2022 ஆகஸ்டில் ஐ.நா.விடம் புதுப்பித்துக் கொடுத்த உறுதிமொழியில் இரண்டு பெரிய எண்கள் இருந்தன. உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் வாயுவை 2030க்குள் 2005 அளவிலிருந்து 45 சதவீதம் குறைப்பது ஒன்று. மின்நிலையங்களின் நிறுவுதிறனில், அதாவது அவற்றால் எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும் என்ற அளவில், 50 சதவீதத்தை நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகளில் கொண்டுவருவது இன்னொன்று. இரண்டாவதை 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே எட்டிவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. உண்மையில் கம்பியில் ஓடும் மின்சாரத்தில் முக்கால் பங்கை ஒட்டி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. இந்த வேறுபாட்டை எங்கள் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா ஒவ்வொரு கூட்டத்திலும் வலியுறுத்துவார், அவர் சொல்வது சரி.

இருந்தாலும் நம் வேலைக்கு இது மட்டும் போதாது. இந்த முறை நாட்டின் மொத்தத்தைப் பார்க்கிறது. மொத்தம் சரியாக இருந்தாலும் ஒரு துறை முழுக்க விடுபட்டிருக்கலாம். கண்மாய்க் கரை முழுக்கப் பலமாக இருந்து ஒரு மடை மட்டும் பெயர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையின் சராசரி பலத்தைச் சொல்லும் அளவுகோலை வைத்துக்கொண்டு, பெயர்ந்த மடையைக் கண்டுபிடிக்க முடியாது.

எத்தனை சட்டம் என்று எண்ணுவது

இந்த வழியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். லண்டன் பொருளியல் பள்ளியின் கிரந்தம் ஆய்வு மையம் உலக நாடுகளின் காலநிலைச் சட்டங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. தேடிப் படிக்க அருமையான இடம். ஆனால் எண்ணிக்கையை வைத்து நாட்டை எடைபோடுவது ஆபத்து. பத்துச் சட்டங்களும் சூரிய ஒளி மின்சாரத்தைப் பற்றியதாகவே இருந்தால்? இந்தியாவில் 2008இல் வந்த தேசியச் செயல்திட்டத்தில் எட்டு இயக்கங்கள். சூரிய ஆற்றல், ஆற்றல் சிக்கனம், நிலைத்த வாழ்விடம், நீர், இமயமலை, பசுமை இந்தியா, நிலைத்த வேளாண்மை, அறிவுத்தளம். எட்டும் எட்டு மதிப்பெண் இல்லை. சில இயக்கங்களின் வேலை ஊரில் கண்ணுக்குத் தெரிகிறது, சிலவற்றின் பெயரே யாருக்கும் நினைவில்லை.

எண்ணுவதில் இன்னொரு குறையும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. காலநிலை என்ற பெயரே இல்லாத கொள்கைகள் எந்தப் பட்டியலிலும் வராது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாமல் போகிறார்கள். இது சமூகநீதிக்காக வந்த திட்டம், அதன் பெருமை அங்கேதான் இருக்கிறது. ஆனால் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றத்துக்கோ ஒத்தக்கடைக்கோ போகும் பெண்களில் எத்தனை பேர் ஸ்கூட்டி வாங்காமல் பேருந்திலேயே தொடர்கிறார்கள் என்பது போக்குவரத்துத் துறையின் உமிழ்வுக் கணக்கில் சேர வேண்டிய கேள்வி. அதே மாதிரி, எதிர்ப்பக்கம் இழுக்கும் கொள்கைகளும் இந்தப் பட்டியலில் வருவதில்லை.

கட்டம் போட்டுப் பார்ப்பது

நான்காவது வழியைத்தான் நான் முன்வைக்கிறேன். ஜெர்மனியின் நியூகிளைமேட் நிறுவனம் நடத்தும் கொள்கைத் தரவுத்தளம் இந்த முறையில் அமைந்தது. இடது பக்கம் துறைகளை எழுதிக்கொள்வார்கள்: மின்சாரம், தொழில், கட்டடம், போக்குவரத்து, விவசாயமும் காடும், அப்புறம் எல்லாத் துறைக்கும் பொதுவானவை. மேலே, உமிழ்வைக் குறைக்கும் வழிகள்: தேவையையே குறைப்பது, ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது, புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறுவது, வேறு குறைந்த கரிமத் தொழில்நுட்பங்கள், கடைசியாக எரிபொருளோடு தொடர்பில்லாத வாயுக்களைக் குறைப்பது. குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டால் கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் கொள்கை இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதுதான் வேலை.

இதன் பெரிய பலம், காலிக் கட்டம் பளிச்சென்று கண்ணில் படும். விவாதம் “இந்தியா நல்ல நாடா கெட்ட நாடா” என்பதிலிருந்து “இந்தக் கட்டத்தில் ஏன் ஒன்றும் இல்லை” என்பதற்கு நகர்ந்துவிடும். பொருளாதாரம் படிக்காதவரும் உட்கார்ந்து நிரப்பலாம். தான் வாழும் துறையின் வரிசையை அவரவர் சோதித்துச் சொல்லலாம்.

இந்தியாவுக்கு இந்தக் கட்டத்தைப் போட்டுப் பார்த்தால் மின்சார வரிசையில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான கட்டம் நிரம்பி வழிகிறது. 2010இல் தொடங்கிய தேசிய சூரிய ஆற்றல் இயக்கம், மின்விநியோக நிறுவனங்கள் கட்டாயமாக வாங்க வேண்டிய பசுமை மின்சார அளவு, விவசாயிகளுக்கான 2019ஆம் ஆண்டின் குசும் திட்டம், வீட்டு மாடிக்கு 2024இல் வந்த சூரிய வீடு திட்டம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த மின்நிலையங்களில் உலகிலேயே பெரியதாக அது பேசப்பட்டது. அதே வரிசையில், நிலக்கரியை எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைப்பது என்ற இடம் காலி. ஆற்றல் சிக்கனத்துக்கான கட்டத்தில் எல்.இ.டி. பல்புத் திட்டமும் மின்சாதனங்களின் நட்சத்திர முத்திரையும் இருக்கின்றன.

மாடிச் சூரியத் திட்டத்தில் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலோ இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். செல்லூரில் அந்த அளவுக்குள் குடும்பம் நடத்துகிறவருக்கு மாடியில் பலகை மாட்ட எந்தக் காரணமும் இல்லை. இலவச யூனிட்டை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். இரண்டு அரசுகளின் இரண்டு நல்ல திட்டங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கின்றன என்பதைக் கட்டத்தின் ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும் என்கிறேன்.

தொழில் வரிசையில் பெரிய ஆலைகளுக்கு வலுவான கொள்கை உண்டு. 2012இல் தொடங்கிய ஆற்றல் சிக்கனத் திட்டத்தின்படி சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம், காகிதம், ஜவுளி போன்ற துறைகளின் பெரிய ஆலைகளுக்கு இலக்கு கொடுத்து, அதைத் தாண்டிச் சேமித்தால் விற்கக்கூடிய சான்றிதழும் கொடுத்தார்கள். 2022இல் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023இல், உமிழ்வுக் குறைப்பை வாங்கி விற்கும் கரிமச் சந்தைக்கான திட்டத்தை அறிவித்தார்கள். விருதுநகர் பக்கத்து சிமென்ட் ஆலைகளை இவை எட்டும். திருப்புவனம், மானாமதுரை சாலையோரம் புகையும் செங்கல் காளவாசல்களையும், கப்பலூர்ப் பட்டறைகளையும் எட்டாது. காளவாசல்களுக்குப் புகை வரம்பு விதிகள் இருக்கின்றன, அது காற்று மாசுக்கானது. பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டது ஒன்றுதான்: பழைய மோட்டாரை மாற்ற வட்டி குறைந்த கடன் யார் தருவார்கள், எந்த அலுவலகத்தில் கேட்பது? அவர் மாதிரி ஆட்களுக்குப் பதில் இல்லாத வரை அந்தக் கட்டத்தைப் பாதி என்று மட்டும்தான் போட முடியும்.

கட்டட வரிசையில் புதிய பெரிய வணிகக் கட்டடங்களுக்கு 2007 முதலும், குடியிருப்புகளுக்கு 2018 முதலும் விதித்தொகுப்புகள் உண்டு. ஏற்கெனவே கட்டி நிற்கும் வீடுகளுக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஜெய்ஹிந்துபுரத்தில் மே மாத இரவில் கான்கிரீட் தளத்தின் கீழே படுத்திருப்பவர்களுக்கு இந்தக் காலிக் கட்டம் உடம்பில் தெரியும். மாடியில் வெள்ளை பூசுவதோ கூலிங் டைல்ஸ் ஒட்டுவதோ அவரவர் சொந்தச் செலவு. குளிர்சாதனப் பெட்டியின் வாயுவுக்குக் கொள்கை இருக்கிறது. அந்த வாயுக்களைக் குறைப்பதற்கான உலக உடன்பாடான கிகாலி திருத்தத்தை 2021இல் இந்தியா ஏற்றது, 2032இல் தொடங்கி 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

போக்குவரத்தில் வண்டியையும் எரிபொருளையும் மாற்றும் கட்டங்கள் நன்றாக நிரம்பியிருக்கின்றன: மின்வாகன மானியம், பெட்ரோலில் எத்தனால், ரயில்பாதை மின்மயம். மக்களை வண்டியிலிருந்து பொதுப் போக்குவரத்துக்கு மாற்றும் கட்டம் பலவீனமானது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரையான மெட்ரோ திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்பது காரணம். மெட்ரோ வேண்டுமா, அதே பணத்தில் ஏராளமான பேருந்துகள் வேண்டுமா என்று நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் 20 லட்சத்துக்குக் கீழே உள்ள நகரங்களுக்கு என்ன வழி என்று யாரும் சொல்லாமல் விட்டால், அந்தக் கட்டத்தைக் காலி என்றுதான் குறிக்க வேண்டும்.

விவசாய வரிசை

இந்த வரிசையில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2020க்கான கணக்கை இந்தியா 2024 டிசம்பரில் ஐ.நா.விடம் கொடுத்தது. அதன்படி நாட்டின் உமிழ்வில் ஆற்றல் துறை 75.66 சதவீதம், விவசாயம் 13.72, தொழிற்சாலைகளின் வேதிச் செயல்முறைகள் 8.06, கழிவு 2.56. ஆற்றலுக்கு அடுத்து நிற்பது விவசாயம்தான். மாடு அசைபோடும்போது வரும் மீத்தேன், தண்ணீர் நிற்கும் நெல்வயலில் வரும் மீத்தேன், யூரியாவிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு ஆகியவை இதில் பெரியவை. இந்தியா 2009 கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குப் பிறகு கொடுத்த முதல் உறுதிமொழியில் விவசாய உமிழ்வு கணக்கில் சேராது என்று வெளிப்படையாகவே சொன்னது. 2015 உறுதிமொழியும் எந்தத் தனித் துறைக்கும் கட்டாய இலக்கு கிடையாது என்றது. 2021இல் உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்திடவில்லை.

இதில் அரசின் நிலைப்பாட்டை நான் குறை சொல்லப் போவதில்லை. ஒன்றரை ஏக்கர் வைத்துப் பிழைக்கிறவரின் வயலில் வரும் மீத்தேனையும், பணக்கார நாட்டில் சொகுசுக் காரின் புகையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் கட்டாய இலக்கு வேண்டாம் என்பது ஒரு விஷயம், கொள்கையே வேண்டாம் என்பது வேறு விஷயம். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் நெல்வயல் மீத்தேன் பாதியளவு வரை குறையும், தண்ணீரும் மிச்சமாகும், விளைச்சலும் குறையாது என்று நெல் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஒற்றை நாற்று நடவை வேளாண்மைத் துறையும் எவ்வளவோ பரப்பியது.

பிறகு ஏன் எல்லோரும் செய்வதில்லை? மேலூர் விவசாயி சொன்ன பதில் எங்கள் எல்லோரையும் யோசிக்க வைத்தது. பெரியாறு பிரதானக் கால்வாயின் கடைக்கோடியில் அவர் வயல். வைகை அணையில் நீர் குறைந்தால் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். அடுத்த முறை சொன்ன நாளில் வருமா என்ற சந்தேகத்தில், வரும்போதே வயல் முழுக்கக் கட்டி வைத்துக்கொள்கிறார்கள். சொன்ன தேதியில் தண்ணீர் நிச்சயம் வரும் என்றால் வயலைக் காயவிடத் தயார் என்கிறார். அப்படியானால் இந்த மீத்தேன் கட்டத்தை நிரப்ப வேண்டியது டெல்லியின் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வேலை இல்லை. மடையைத் திறந்து அடைக்கும் மாநில நீர்வளத் துறையிடம்தான் அது இருக்கிறது.

இந்த ஒரு காரணத்துக்காகவே, வெளிநாட்டில் போட்ட கட்டத்தை அப்படியே எடுக்காமல் ஒரு திருத்தம் செய்ய வேண்டும் என்கிறேன். நம் அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி விவசாயமும் நீரும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மின்சாரமும் காடும் பொதுப்பட்டியல். ரயில் ஒன்றியத்திடம், குப்பை மாநகராட்சியிடம். ஒன்றிய அரசின் ஆவணங்களை மட்டும் பார்த்துக் கட்டம் போட்டால் விவசாய வரிசை இருப்பதைவிடக் காலியாகத் தெரியும். 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதும் அதில் வராது. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் ஒன்றியம், மாநிலம், உள்ளாட்சி என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் காலநிலை மாற்ற இயக்கம் மாவட்ட ஆட்சியர் வரை அமைப்பு வைத்திருக்கிறது. அவர்களிடம் எடுத்துப் போவதற்கும் இந்தப் பிரிப்பு உதவும்.

கடுமையை அளப்பது

கட்ட முறையின் பெரிய குறை, இருக்கிறதா இல்லையா என்பதோடு நின்றுவிடுவது. பெயரளவுக்கு ஒரு வழிகாட்டுதல் இருந்தாலும் டிக் விழும். இந்தக் குறையைத் தீர்க்க, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி. 2022இல் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. 56 வகைக் கொள்கைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கடுமையின்படி 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுக்கிறார்கள். கார்பன் வரி இருக்கிறது என்பதோடு நிற்காமல் வரி எவ்வளவு என்று கேட்பது இதன் நல்ல குணம். ஆனால் அந்த மதிப்பெண் மற்ற நாடுகளோடு ஒப்பிட்டுக் கொடுப்பது. பத்து வாங்கினாலும் போதுமானது என்று அர்த்தமில்லை. தொடக்கப் பதிப்பு மின்சாரம், போக்குவரத்து, கட்டடம், தொழில் ஆகிய நான்கையே துறைகளாக எடுத்தது. நெல்லும் மாடும் இல்லாத அளவுகோலை மதுரை மாவட்டத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தவிர, தரவு சேகரிக்க வல்லுநர் படை வேண்டும். எங்கள் வட்டத்தால் முடியாது.

அதிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் கடன் வாங்கலாம். டிக் போட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று சிறு கேள்விகள்: கட்டாயமா, விருப்பமா? மீறினால் என்ன நடக்கும்? அந்தத் துறையில் எத்தனை பேரை அது தொடுகிறது? பதிலை வைத்து முழுமை, பாதி, காலி என்று மூன்றே தரம் போதும். கூடவே அந்தத் துறையின் உமிழ்வுப் பங்கையும் பக்கத்தில் எழுத வேண்டும். மின்னுற்பத்தி மட்டுமே நாட்டின் மொத்தத்தில் ஏறத்தாழ 39 சதவீதம். கழிவு 2.56 சதவீதம். இரண்டிலும் ஒரு காலிக் கட்டம் என்றால் இரண்டும் சமம் இல்லை. 2020 கொரோனா ஆண்டு, உமிழ்வு முந்தைய ஆண்டைவிட 7.93 சதவீதம் குறைந்திருந்தது. அதனால் இந்தப் பங்குகளைத் தோராயமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கழிவு வரிசையை மட்டும் எடை குறைவு என்று கீழே தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கின் மீத்தேன் நாட்டுக் கணக்கில் புள்ளிகூட இல்லை. ஆனால் இந்த நகரத்து மாமன்றம் தானே முடிவெடுத்துச் செய்யக்கூடிய ஒரு வேலை அங்கே இருக்கிறது, சுற்றி இருப்பவர்களின் மூச்சும் அதில் இருக்கிறது.

எந்தக் கட்டத்திலும் சிக்காதவை

கட்ட முறைக்குப் பிடிபடாத இரண்டு விஷயங்களை அறிக்கையில் தனியாக எழுத வேண்டும். முதலாவது, கொள்கைகள் ஒன்றோடு ஒன்று மோதுவது. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அதைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டன் இருக்கிறது. மேலூர்ச் சுற்றுவட்டார மக்கள் திரண்டு போராடினார்கள், சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கட்டத்தில் பார்த்தால் காடு வரிசையில் ஒரு டிக், கனிமக் கொள்கைக்கு இன்னொரு டிக். இரண்டு டிக்கும் ஒரே மலைமேல் மோதிக்கொண்டது அதில் தெரியாது.

இரண்டாவது, மாறும் காலநிலையைத் தாக்குப்பிடிப்பது. இங்கே சொன்ன எல்லா அளவுகோலும் முக்கியமாக உமிழ்வைக் குறைப்பதைப் பற்றியவை. 2024 அக்டோபர் மழையில் செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதே மாதத்தில் வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. வடிகால், கண்மாய், வெயில் நேரத்தில் வேலை என்று அதற்கு வேறொரு கட்டம் போட வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் இரண்டுமே குழம்பும்.

யாருக்கு எது

பள்ளியில் ஒரு மணி நேர வகுப்புக்குத் தரவரிசையே போதும், இரண்டு குறியீடுகளைப் பக்கத்தில் வைத்து ஏன் வேறுபடுகின்றன என்று பிள்ளைகளைக் கேட்கலாம். வெளியாகும் வாயுவும் உறிஞ்சப்படும் வாயுவும் சமமாக வேண்டும் என்ற நாட்டின் 2070 நிகரச் சுழிய இலக்கு போதுமா என்று விவாதிப்பவர்கள் கிளைமேட் ஆக்ஷன் டிராக்கரை எடுக்கட்டும். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவருக்கு ஓ.இ.சி.டி.யின் தரவு உதவும். துறை துறையாக ஓட்டை தேடி, அதை யாரிடம் கேட்பது என்று கண்டுபிடிக்க வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்குக் கட்ட முறைதான். மூன்று அடுக்காகப் பிரித்து, உமிழ்வுப் பங்கையும் மூன்று தரத்தையும் சேர்த்து.

நிரப்புவதற்கான ஆவணங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஐ.நா.வுக்கு இந்தியா கொடுத்த ஈராண்டு அறிக்கை இணையத்தில் இருக்கிறது. மாநிலத்துக்கு, ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கும். உள்ளாட்சிக்கு மாநகராட்சியின் பட்ஜெட் உரை. முதலில் விவசாய வரிசையையும், பழைய வீடுகளையும், சிறு பட்டறைகளையும் எடுக்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லப் போகிறேன். மின்சார வரிசையைப் பொறியாளர் ஐயா ஏற்கெனவே பாதி எழுதி வைத்திருக்கிறார்.